ஆச்சியின்ர விறகு அடுக்கைப் பார்த்துச் சிரிச்ச ஆக்களுக்கு

போன கை முறிஞ்ச ஆச்சியையும் அவவின்ர விறகையும் பகிடி பண்ணி இணையத்தில சுத்தின அந்தப் படத்தை நான் இங்க திரும்பப் போடமாட்டன். எல்லாரும் பார்த்திட்டியள். வலது கையில பிளாஸ்டர் கட்டோட ஒரு ஆச்சி, அவவுக்குப் பின்னால நெஞ்சளவு உயரத்துக்கு விறகு, மேல ஒரு பகிடி, கீழ வரிசையாச் சிரிப்புப் பொம்மை. சிரிச்சதில பாதிப்பேர் எங்கட ஊர்ப் பெடியள். அதுதான் எனக்கு ஏறுது.

படத்தில அந்தப் பிளாஸ்டரைப் பார்த்தனீங்களோ? அந்தக் கையோட அவ விறகு கொத்தேல்லை. கை முறிய முன்னமே கொத்தி அடுக்கி வைச்சிட்டா. அவ்வளவுதான் விசயம், இதை விளங்காமத்தான் இவ்வளவு சிரிப்பு.

மணிக்கட்டு முறிஞ்சால் கட்டு 6 கிழமை. பிளாஸ்டரைக் கழட்டின பிறகும் கோடாலியை இறுக்கிப் பிடிக்கிற பலம் வர மாதங்கள் எடுக்கும். கால் எலும்பெண்டால் 3, 4 மாதம். ஆகக் குறைஞ்சது 90 நாளைக்கு விறகு வேணும். ஒரு வீட்டு அடுப்புக்கு ஒரு நாளைக்கு 5 கிலோ எண்டு வையுங்கோ, 450 கிலோ வருது. ஒன்றரை அடித் துண்டா வெட்டி 8 அடி நீளம், 4 அடி உயரத்துக்கு அடுக்கினால் காய்ஞ்ச வேம்பு, பூவரசில கிட்டத்தட்ட அந்த நிறை வரும். படத்தில இருக்கிறதும் அவ்வளவுதான். ஆச்சி கணக்குப் பார்த்துத்தான் அடுக்கியிருக்கிறா. பேராசையில இல்லை.

"எங்கட வீட்டிலயும் விறகு கிடக்குதானே" எண்டு ஒருத்தர் எழுதியிருந்தார். கிடக்கும். பிளக்காத குத்தியாக் கிடக்கும். குத்தி விறகில்லை ஐயா, அது செய்யாத வேலை. எங்கட பக்கத்தில ஒரு வாத்தியார் ஆவணியில ஒரு ட்ரக்டர் லோட் வேப்பங்குத்தி இறக்கினார். ஆறுதலாக் கொத்துவம் எண்டு விட்டார். கார்த்திகையில கிணத்தடியில சறுக்கி விழுந்து கை போச்சு. முற்றத்தில மலைபோல மரம், மனுசிக்கு ஒரு துண்டும் பிளக்க ஏலாது, கூலிக்கு வர வேண்டிய ஆக்கள் வயலுக்குள்ள நிக்கினம். கடைசியில வேலிக்கம்பைப் பிடுங்கித்தான் கஞ்சி வைச்சவை. மரம் இருந்தும் அடுப்பு எரியேல்லை.

அதாலதான் திரும்பத் திரும்பச் சொல்லுறன்: முறிஞ்ச கை தூக்கக்கூடிய அளவில சேர்த்து வையுங்கோ. துண்டு மணிக்கட்டுத் தடிப்பு, நிறை அரைக் கிலோவுக்குள்ள. இடுப்பு உயரத்தில, குசினிக் கதவால எட்டி எடுக்கிற இடத்தில ஒரு கிழமைக்குத் தேவையானது. பன்னாடை, சுள்ளி, காய்ஞ்ச பாளை ஒரு உரப்பையில தனிய. ஊமலும் (காய்ஞ்ச பனங்கொட்டை) சிரட்டையும் இன்னொரு பையில. தணல் நிண்டு பிடிக்க ஊமலை விட வேற என்ன வேணும்? பனையால விழுற கொக்கரையும் கங்குமட்டையும் நல்லா எரியும், ஆனால் டக்கெண்டு முடிஞ்சிடும், அதை நம்பி உலை வைக்காதேங்கோ. முருங்கையை எண்ணிக்கையிலயே சேர்க்காதேங்கோ. அலரிக் கம்பு அடுப்புப் பக்கமே வரக்கூடாது, புகையும் நஞ்சு. பெயின்ற் அடிச்ச பழைய கதவு நிலை, பிளைவுட் துண்டும் வேண்டாம்.

காலம் முக்கியம். பச்சை மரத்தில பாதிக்குப் பாதி தண்ணி. அந்தத் தண்ணியை ஆவியாக்கவே அடுப்புச் சூடு போயிடும், மிச்சம் புகை. சோளகக் காத்து (தென்மேற்குக் காத்து) அடிக்கிற நேரம் மெல்லிசாப் பிளந்து போட்டால் 2, 3 மாதத்தில காயும். குத்தியா விட்டால் அடுத்த வருசமும் உள்ளுக்கு ஈரம்தான். வெட்டு முகத்தில வெடிப்பு விட்டு, ரெண்டு துண்டைத் தட்டக் "கணீர்" எண்டு கேட்டால் காய்ஞ்சிட்டுது. மந்தமாக் கேட்டால் இன்னும் இல்லை. ஐப்பசி பிறந்தாப்பிறகு காய வைக்கிற கதை கதைக்க வேண்டாம்.

அடுக்கேக்க கீழ கல்லு வைச்சு அரை அடி உயர்த்துங்கோ, இல்லாட்டிக் கறையான் உங்களுக்கு முன்னம் சாப்பிடும். சுவரில முட்ட விடாதேங்கோ. மேல தகரம், பக்கம் திறந்திருக்கோணும். நாலு பக்கமும் தறப்பாளால சுத்திக் கட்டுறவையும் இருக்கினம், உள்ளுக்குப் பூஞ்சணம் பிடிச்ச பிறகு மழையைப் பேசுவினம். விறகை மேலயிருந்து எடுங்கோ, முதல்ல தடியால தட்டுங்கோ. சுருட்டைப் பாம்பும் புடையன் பாம்பும் உங்கட அடுக்கை வீடெண்டு நினைக்குங்கள். பழசு முதல்ல எரியோணும், இல்லாட்டி உளுத்து மாவாப் போகும்.

இப்ப "காஸ் இருக்குத்தானே" கூட்டத்துக்கு வருவம். இலங்கையில 12.5 கிலோ சிலிண்டர் 2021 ஒக்ரோபரில 1,493 ரூபாயில இருந்து 2,750 ஆச்சு. 2022 ஏப்ரல் முடிவில 4,860. அந்த விலைக்கும் கிடைக்காமல் றோட்டில சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டி வரிசையில வைச்சனீங்கள், மறந்திட்டியளோ? தொண்ணூறுகளில போர்க்கால மண்ணெண்ணெய்த் தடைக்குள்ள இந்த ஆச்சிமார் என்னத்தில சமைச்சு உங்களை வளர்த்தவை? 2008 நிஷா புயலில ஒழுங்கையெல்லாம் வெள்ளம் நிக்க, சிலிண்டர் கொண்டு ஆர் வந்தது? எல்லாத்தையும் விடுங்கோ, நிறைஞ்ச சிலிண்டர் இரும்போட சேர்த்து 25 கிலோவுக்கு மேல. ஒரு கையால மாத்திக் காட்டுங்கோ பார்ப்பம்.

புகை கூடாது எண்டு ஒரு தங்கச்சி நாகரிகமா எழுதியிருந்தா. உண்மைதான், மறுக்கேல்லை. அதுக்குத்தான் காய்ஞ்ச விறகு, திறந்த யன்னல், விறகைக் குறைச்சு எரிக்கிற அனகி மண் அடுப்பு. காடழியுது எண்டு சொன்ன அண்ணைக்கு: ஆச்சி எரிக்கிறது வளவுக்குள்ள விழுந்த மட்டையும் வேலியில கவ்வாத்துப் பண்ணின கிளுவை, பூவரசும். பலா, ஈரப்பலா, பெண் பனை அனுமதியில்லாமல் தறிக்கக் கூடாதெண்டு 1951ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு, அது அவவுக்கு உங்களை விட வடிவாத் தெரியும். உங்கட வீட்டு ஏசியைப் பற்றி நான் வாய் திறக்கேல்லைத்தானே.

உண்மையில என்னைச் சுட்டது பகிடி இல்லை. பிள்ளையள் மூண்டு பேரும் வெளிநாட்டில, தனிய இருக்கிற மனுசி தனக்கு ஏலாமல் வரும் எண்டு தானே யோசிச்சு, தானே கொத்தி, தானே அடுக்கியிருக்கிறா. விழுந்தாப்பிறகு ஆர் வருவினம் எண்டு அவவுக்குத் தெரிஞ்சிருக்கு. காசு அனுப்பினால் வேலை முடிஞ்சுதெண்டு நினைக்கிற ஆக்களுக்கு அந்த அடுக்கு பகிடியாத்தான் தெரியும். இந்தச் சோளகத்துக்குள்ள உங்கட அம்மா வீட்டில எத்தினை நாளைக்குப் பிளந்த விறகு இருக்கெண்டு ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. லைக்கைப் பிறகு போடலாம்.