ஒற்றை ஆள் விளையாட்டுக்கு எதற்கய்யா இணையம்?

ஒரே ஆள் விளையாடுகிற விளையாட்டு. எதிரே போட்டியாளர் யாரும் இல்லை. வண்ணம் பார்த்துக் கட்டங்களை அடுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த அற்ப விளையாட்டைத் தொலைபேசியில் திறந்தால், ‘இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்று ஒரு பெட்டி வந்து வழிமறிக்கிறது. எதற்கய்யா இணையம்? தொலைபேசி என்னுடையது, விரல் என்னுடையது, அதற்கு ஏற்றிய மின்சாரத்துக்குப் பணம் கட்டியவனும் நான்தான். விளம்பரம் காட்ட வழியில்லாத நேரத்தில் உன்னை விளையாட விட மாட்டோம் என்று நேராகச் சொல்லித் தொலைத்தால்கூட இத்தனை எரிச்சல் வராது. இணைப்பில் ஏதோ கோளாறு என்று பழியை என் தலையில் அல்லவா போடுகிறான்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரிப் பக்கம் இருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரங்களும் படுத்துவிட்டன. அக்கா மகன் எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டான். அவனுடைய டேப்லெட் நிறைய விளையாட்டுகள். ஒன்றாவது திறக்க வேண்டுமே! ஒன்று கணக்கில் நுழையச் சொல்கிறது. இன்னொன்று புதிய பதிப்பை இறக்கச் சொல்கிறது. மூன்றாவது வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என் பழைய மடிக்கணினியில் கொஞ்சம் மின்சாரம் மிச்சமிருந்தது. பிளாஷ்பாயின்ட் லாஞ்சரைத் திறந்து, நான் பிரவுசிங் சென்டர் காலத்தில் ஆடிய பலூன் உடைக்கும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். “மாமா, இதற்கு நெட் வேண்டாமா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். நம்பவில்லை. வைஃபை அடையாளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விளையாட உட்கார்ந்தான். கணினி இருக்கிறது, விளையாட்டு இருக்கிறது, ஆகவே விளையாடலாம் என்கிற எளிய சங்கதியே ஒரு பிள்ளைக்கு அதிசயமாகத் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிளாஷ்பாயின்ட் என்பது 2017 முதல் தன்னார்வலர்கள் கட்டிவரும் ஒரு காப்பகம். உலாவியில் ஓடிய பழைய விளையாட்டுகளும் அசைபடங்களுமாக இரண்டு லட்சத்துக்கும் மேல் அதில் சேர்ந்திருக்கின்றன. மொத்தத்தையும் இறக்க வேண்டுமானால் டெராபைட் கணக்கில் இடம் வேண்டும். ரிச்சி தெருவில் ஹார்டு டிஸ்க் விலை கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து நான் அந்த ஆசையை ஒத்திவைத்திருக்கிறேன். சிறிய பதிப்பு போதும். பட்டியலில் தேடி ஒரு விளையாட்டைச் சொடுக்கினால் அதை மட்டும் இறக்கி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை இணையம் கேட்காது. கணக்குத் தொடங்கு, வயதைச் சொல், அறிவிப்பு அனுப்பட்டுமா, முப்பது விநாடி பல்லைக் கடித்துக்கொண்டு விளம்பரம் பார் என்கிற தொல்லை ஒன்றும் கிடையாது.

அது வேலை செய்யும் விதத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்தக் கால விளையாட்டுகளில் பல, தாம் எந்தத் தளத்திலிருந்து ஓடுகிறோம் என்று முதலில் பார்த்துக்கொள்ளும். முகவரி மாறியிருந்தால் ஓட மறுக்கும். திருடித் தன் தளத்தில் போட்டுக்கொள்கிறவர்களைத் தடுக்க வைத்த பூட்டு அது. இன்றைக்கு அந்தத் தளமே இல்லை. பூட்டு மட்டும் இருக்கிறது. பிளாஷ்பாயின்ட் நம் கணினிக்குள்ளேயே ஒரு சிறு சர்வரை ஓட்டி, ‘நீ உன் சொந்த முகவரியில்தான் இருக்கிறாய், கவலைப்படாதே’ என்று விளையாட்டை நம்ப வைக்கிறது. அது கேட்கிற ஒலி, படம், அடுத்த நிலை எல்லாவற்றையும் நம் ஹார்டு டிஸ்க்கிலிருந்தே எடுத்து நீட்டுகிறது. செத்துப்போன தளத்தின் பெயரைச் சொல்லி விளையாட்டை ஓடவைக்கிற இந்தச் சாமர்த்தியத்துக்கு எந்த நிறுவனமும் சம்பளம் கொடுக்கவில்லை.

சம்பாதித்தவர்கள் என்ன செய்தார்கள்? அந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை உலாவிக்குள் ஓட்டியது அடோபி நிறுவனத்தின் பிளாஷ் என்கிற மென்பொருள். 2017 ஜூலையில் அந்த நிறுவனம், பிளாஷுக்கு 2020-ஆம் ஆண்டின் கடைசி நாளே கடைசி என்று அறிவித்தது. சரி, நிறுத்து. ஓட்டை உடைசல் நிறைந்த மென்பொருள், வைரஸ் புகும் வாசல், கணினியைச் சூடேற்றும் பேய் என்று அதன்மேல் சொன்ன குற்றச்சாட்டுகளில் முக்கால்வாசி உண்மை. ஐபோனில் அதை ஏன் அனுமதிக்கவில்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-இல் பகிரங்கமாக ஒரு கடிதமே எழுதினார். அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஆதரவை நிறுத்துவது வேறு, என் கணினியில் ஏற்கெனவே இருப்பதை முடக்குவது வேறு. 2021 ஜனவரி 12-ஆம் தேதி வந்ததும் தானாகவே ஓட மறுக்கும்படி, கடைசிக் காலப் பதிப்புகளுக்குள் முன்கூட்டியே நாள் குறித்து வைத்திருந்தார்கள். அந்த நாளுக்குப் பிறகு எதைத் திறந்தாலும் ஒரு சின்ன வட்டத்துக்குள் ‘i’ என்ற எழுத்து. வீட்டைக் காலி செய்கிறவன் கதவைப் பூட்டிச் சாவியைக் கூவத்தில் எறிந்துவிட்டுப் போன மாதிரி.

பிளாஷின் மூலநிரலையாவது திறந்து கொடுங்கள், காப்பாற்ற ஆள் இருக்கிறோம் என்று ஆர்வலர்கள் 2017-லேயே மனுப் போட்டுப் பார்த்தார்கள். அடோபி மசியவில்லை. தடை வந்த அதே 2021 ஜனவரியில் சீனாவின் தாலியன் ரயில் பணிமனையில் பிளாஷை நம்பியிருந்த திரைகள் செயலிழந்தன. பழைய பதிப்பைத் தேடிப்பிடித்து நிறுவித்தான் வேலையைத் தொடர்ந்தார்கள். தென்னாப்பிரிக்க வரித்துறையோ, பிளாஷ் படிவங்களைத் திறப்பதற்கென்றே தனியாக ஓர் உலாவி வெளியிட்டது. ரயில்காரருக்கும் வரிக்காரருக்கும் மாற்றுவழி பிறந்துவிடுகிறது. விளையாடுகிறவனுக்குத்தான் ‘போய் வேறு வேலையைப் பார்’.

பிளாஷ் ஒன்றுதான் என்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். 2015-இல் குரோம் உலாவி, தன்னோடு ஒட்டி ஓடிய பழைய துணை நிரல்களை, அதாவது செருகுநிரல்களைக் கழற்றிவிட்டபோதே ஜாவாவில் செய்த விளையாட்டுகளும், யூனிட்டி வெப் பிளேயரில் ஓடிய கார் பந்தயங்களும் அந்த உலாவியில் மூச்சை விட்டன. அடோபியின் இன்னொரு செருகுநிரலான ஷாக்வேவ் 2019 ஏப்ரலில் போனது. அப்போதெல்லாம் நாளிதழில் ஒரு வரி வந்ததா என்று தெரியாது, என் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. பிளாஷ்பாயின்ட் இவற்றையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறது. ரஃபிள் என்று இன்னொரு நல்ல முயற்சியும் இருக்கிறது. அது பிளாஷைப் போலவே நடந்துகொள்ளும் புதிய நிரல். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்கிற இணையக் காப்பகம் 2020 நவம்பரிலிருந்து அதைத்தான் பயன்படுத்துகிறது. இவர்களாலும் எளிதில் மீட்க முடியாதவை, பாதி உயிரைத் தூரத்து சர்வரில் வைத்திருந்த விளையாட்டுகள். பேஸ்புக்கில் ஊரே கத்தரிக்காய் நட்டு அறுவடை செய்ததே, அந்த ஃபார்ம்வில் 2020-இன் கடைசி நாளோடு மூடப்பட்டது. நம் கணினிக்கு வந்தது வெறும் தோல். தோட்டமும் பயிரும் அவர்கள் சர்வரில். இன்றைய தொலைபேசி விளையாட்டுகள் மொத்தமும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை நாளைக்கு எந்தத் தன்னார்வலர் வந்து தோண்டி எடுக்கப் போகிறார்?

இதையெல்லாம் வீட்டில் சொன்னால், “விளையாட்டுதானே, விடு” என்கிறார்கள். இந்த ‘தானே’தான் என்னைக் கொதிக்க வைக்கிறது. பாட்டியின் பித்தளைக் குத்துவிளக்கைப் பழைய பாத்திரம்தானே என்று எடைக்குப் போட்டால் நீங்கள் விடுவீர்களா? அலுவலக நண்பர் ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், “எல்லாம்தான் தளங்களில் கிடைக்கிறதே” என்றார். கிடைக்கிறது, பாருங்கள்! விளையாட்டுச் சன்னல் உள்ளங்கை அகலம், சுற்றிலும் ரம்மி விளம்பரம். ‘தொடங்கு’ என்று எழுதிய பொத்தான்களில் எது விளையாட்டினுடையது, எது விளம்பரத்தினுடையது என்று கண்டுபிடிப்பதே முதல் நிலை. பிளாஷ் பிளேயர் இறக்கலாம் என்று ஆசைப்பட்டுத் தேடினாலோ, வருவதில் பாதி கணினியைப் பதம் பார்க்கும் போலிக் கோப்பு.

ஒழுங்கான லாஞ்சரை நிறுவினால் மட்டும் ஆன்டிவைரசுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது. காசு கொடுத்து வாங்கிய காவல்காரன், போலிக் கோப்பு வந்தபோது குறட்டை விட்டான்; பிளாஷ்பாயின்ட்டின் உள் சர்வரைக் கண்டதும் சந்தேகத்துக்குரியது என்று பிடித்து அடைத்துவிட்டான். விலக்குப் பட்டியலில் சேர்த்தேன். புதுப்பித்துக்கொண்ட கையோடு மறுபடியும் பிடித்தான். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால், இசை போட்டுக் காக்க வைத்துவிட்டு, “சார், அந்த விளையாட்டை நீக்கிவிடுங்கள், சரியாகிவிடும்” என்றார் அந்தத் தம்பி. எப்படிப்பட்ட மருத்துவம் பாருங்கள்.

இதைவிடப் பெரிய ஆத்திரம் ஒன்று இருக்கிறது, அது நம்மவர்கள் மேல். பிளாஷ் கோலோச்சிய காலத்தில் சென்னையில் மின்வழிப் பாடம் தயாரிக்கும் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுப் பள்ளிகளுக்கும் நிறுவனங்களுக்கும் பிளாஷில் பாடம் செய்து கொடுத்த கைகள் அவை. பகலில் எவனோ ஒருவனுக்குத் தீயணைப்புப் பயிற்சிப் பாடம், இரவில் சொந்த ஆசைக்கு ஒரு பல்லாங்குழி, ஒரு பரமபதம், பிள்ளைகளுக்கு உயிரெழுத்துப் பழக்கும் ஒரு சின்ன விளையாட்டு என்று செய்தவர்கள் எனக்கே தெரியும். சிலர் தங்கள் தளத்தில் வைத்தார்கள். சிலர் குறுந்தகட்டில் பதிந்து உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். தளத்துக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்தவுடன் அது போயிற்று. குறுந்தகடு பரணில்.

அப்படி ஒரு பல்லாங்குழி செய்தவரை கோடம்பாக்கத்தில் தேடிப்பிடித்தேன். காசு போட்டுச் சோழி அள்ளும்போது வரும் அந்தக் கலகல ஒலியைத் தன் அம்மாவின் சோழிகளை வைத்துப் பதிவு செய்ததாக அவரே பெருமையாகச் சொன்னார். கோப்பு இருக்கிறதா என்று கேட்டேன். “அது எதற்குங்க இப்போது? கணினி மாற்றும்போது ஃபார்மட் செய்துவிட்டேனே” என்றார், டீயை உறிஞ்சியபடி. எனக்கு வந்த கோபத்தில் என் டீ ஆறிவிட்டது. வெள்ளைக்காரப் பையன் விளையாட்டாகச் செய்த தவளை ஓட்டம்கூடக் காப்பகத்தில் இருக்கிறது. யாரோ ஒருவர் மெனக்கெட்டுக் கோப்பைத் தேடி, முகப்புப் படம் எடுத்து, செய்தவர் பெயரும் ஆண்டும் எழுதி அனுப்பியிருக்கிறார். இன்னொருவர் ஓட்டிப் பார்த்துச் சேர்த்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். நாம் அனுப்பவில்லை. தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதுவதற்கு மட்டும் ஆள் பஞ்சமே இல்லை.

இத்தனைக்கும் குறுந்தகட்டில் வந்தவற்றில் பல, பிளேயரையும் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்ட தனிக் கோப்புகள். அவற்றுக்கு உலாவி வேண்டாம், அந்த ஜனவரித் தடையும் அவற்றைத் தொடவில்லை. விண்டோஸ் கணினியில் இரட்டைச் சொடுக்குப் போட்டால் இன்றைக்கும் ஓடக்கூடியவை. தகட்டில் பூஞ்சை படரும்வரைதான் அவகாசம். தீபாவளிக்குப் பரண் துடைக்கும்போது மொத்தமாகப் பழைய பேப்பர்காரருக்கு அள்ளிப் போடுகிறீர்களே, அந்தத் தகடுகளைத்தான் சொல்கிறேன். போடுவதற்கு முன் ஒருமுறை கணினியில் செருகிப் பாருங்கள். தகடு செருக வசதியில்லாத கணினியா? ரிச்சி தெருவில் யுஎஸ்பி டிரைவ் விற்கிறார்கள். அதுவும் முடியாவிட்டால் எனக்குக் கொடுங்கள், தாம்பரமானாலும் திருவொற்றியூரானாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன். ‘அது எதற்குங்க இப்போது’ என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.