இடிக்கத் தடை சரி, ஒழுக்கை அடைக்க ஏன் தடை?

பழைய கட்டடம் ஒன்று இடிபட்டால் இரண்டு நாளைக்கு இங்கே புலம்பல் ஓடும். "பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருந்தால் பிழைத்திருக்குமே" என்று யாராவது எழுதுவார்கள், நாமும் லைக் போடுவோம். ஆனால் பட்டியலில் ஏறிய பிறகும் செத்துப்போகிற கட்டடங்கள் ஏராளம். அவற்றுக்குப் பெரும்பாலும் புல்டோசர் தேவைப்படுவதில்லை. அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய் ஒன்று போதும்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடத்தை, அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதன் அருமை ஊருக்கே தெரியும். உரிமையாளர் பேராசைக்காரத் தனியாரும் இல்லை, அரசுதான். பின்னாளில் அதே தோற்றத்தில் எழுப்பினார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது புதுக் கட்டடம்.

உள்ளூர்ப் பாரம்பரிய விதிகளில் பெரும்பாலானவை "செய்யாதே" என்று சொல்வதில் கெட்டி. இடிக்காதே, முகப்பை மாற்றாதே, உயரத்தைக் கூட்டாதே. எல்லாம் சரி. ஆனால் ஒழுகுகிற கூரையைச் சரிசெய்யவும் இடிப்புக்கு அனுமதி தருகிற அதே குழு, அதே படிவம், அதே காத்திருப்பு என்றால் உரிமையாளர் என்ன செய்வார்? ஒன்று, ராத்திரியோடு ராத்திரியாகச் சிமென்ட் கொட்டுவார். இல்லையென்றால் விட்டுவிடுவார். இரண்டுமே கட்டடத்துக்கு எமன். இடிப்பதைக் கடினமாக்குகிற அதே விதி, சரியான பழுதுபார்ப்பைச் சுலபமாக்கவும் வேண்டும். இந்த இரண்டாவது பாதி இல்லாத விதியால் முதல் பாதியையும் காப்பாற்ற முடியாது.

கட்டடம் எப்படிச் சாகிறது என்று கிட்டே போய்ப் பார்த்தால் இது புரியும். மெட்ராஸ் டெரஸ் கூரை எப்படி அமைந்தது என்று பழைய கொத்தனார்களுக்குத் தெரியும்: மரக்கட்டைகள், அவற்றின் மேல் மூலைவாட்டில் விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை, கடைசியில் தட்டோடு. வடிகுழாயில் இலை அடைத்துக்கொண்டால் மாடியில் தண்ணீர் நிற்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் உள்ளே இறங்கும். நேராகப் போய்ச் சேருவது மரக்கட்டையின் நுனி சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் குழிக்குத்தான். அங்கே காற்றோட்டம் கிடையாது, ஈரம் காயாது. வெளியே தெரிகிற பகுதி கம்பீரமாக இருக்கும், சுவருக்குள் இருக்கிற அரை அடி மக்கிப்போயிருக்கும். கட்டையைச் சுவர் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால் நுனி போய்விட்டது.

இந்தக் கட்டத்திலேயே பிடித்தால் வேலை சிறியது. தளத்துக்கு முட்டுக் கொடுத்து, மக்கிய பகுதியை நல்ல மரம் வரும் வரை வெட்டி, அதே வகை மரத்தை ஒட்டுப்போட்டு போல்ட்டால் இணைக்கலாம். அல்லது இருபக்கமும் இரும்புத் தகடு வைத்து முடுக்கலாம். நடப்பது என்ன? "மாடியில் தண்ணீர் இறங்குது" என்று மேலே இரண்டு அங்குலத்துக்குச் சிமென்ட் தளம் போடுவார்கள். ஐந்து செ.மீ. சிமென்ட் தளம் சதுர மீட்டருக்கு 110 கிலோவுக்கு மேல். பத்துச் சதுர மீட்டர் அறையின் மேல் ஒரு டன்னுக்கு மேல் சுமை, அதுவும் மக்கிய கட்டைகளின் மேல். சில வருடத்தில் அந்தத் தளமும் வெடிக்கும், அதன் மேல் இன்னொன்று. கூரை விழும்போது "பழைய கட்டடம், ஆயுசு முடிஞ்சிருச்சு" என்பார்கள்.

சுவரிலும் இதே கூத்துதான். சுண்ணாம்பில் கட்டிய சுவர் தரையிலிருந்து ஏறும் ஓதத்தைத் தன் முகத்தின் வழியே வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் வழி அடைபடும். ஈரம் இன்னும் உயரே ஏறும், கூடவே வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகும். கடைசியில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்போது செங்கல்லின் தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். உடனே "இன்னும் ஸ்ட்ராங்காப் பூசுங்க, வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் சேருங்க" என்பார்கள். நோயையே மருந்தாகக் கொடுப்பது.

விதிகளில் இதைப் பற்றி என்ன இருக்கும்? "பாரம்பரியப் பொருட்களைப் பயன்படுத்துக." அவ்வளவுதான். கொத்தனாருக்கு இது எதைச் சொல்லும்? எழுத வேண்டியது இப்படி: புதுச் சாந்து பழைய செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். நீர்த்து, ஊற வைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சுத்தமான கூர்மணல் மூன்று பங்கு என்பது தொடங்குவதற்கான அளவு. பழைய சாந்தின் துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் மிஞ்சும், அதை வைத்து விகிதத்தைத் திருத்திக்கொள்ளலாம். (பழைய சாந்தில் கிளிஞ்சல் துண்டுகள் கலந்திருந்தால் அதுவும் கரைந்து கணக்கைக் கெடுக்கும், ஜாக்கிரதை.) ஒரு கோட் பூச்சுக்கு ஒரு செ.மீ. அளவுதான். முந்தைய கோட் இறுகிய பிறகே அடுத்தது. உச்சி வெயிலில் பூசக் கூடாது, ஈரச் சாக்கு கட்டி மெதுவாகக் காய விட வேண்டும். முழுச் சுவரைத் தொடுவதற்கு முன் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மாதிரிப் பூச்சு போட்டுக் காட்ட வேண்டும். இத்தனையும் ஒரு பக்கத்தில் அடங்கும். அதை விதியின் இணைப்பாகப் போட்டால் உரிமையாளர், கொத்தனார், அலுவலர் மூவரும் ஒரே மொழியில் பேசலாம்.

அடுத்தது, குழுவிடம் போகவே தேவையில்லாத வேலைகளின் பட்டியல். வடிகால் சுத்தம் செய்வது, உடைந்த ஓடுகளை அதே வகை ஓடுகளால் மாற்றுவது, சுண்ணாம்பு வெள்ளையடிப்பது, சுண்ணாம்புப் பூச்சில் ஒட்டு, கட்டை நுனிப் பழுது. முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்துத் தகவல் கொடுத்தால் போதும் என்று வைக்க வேண்டும். நியூயார்க்கில் அடையாளச் சின்ன ஆணையத்துக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆணையர்கள் கூட்டத்துக்கே போவதில்லை, அலுவலர் மட்டத்திலேயே முடிந்துவிடும். கண்டிப்பு குறைவு என்று யாரும் அந்த ஊரைக் குற்றம் சொல்வதில்லை. குழுவின் நேரம் பெரிய மாற்றங்களுக்கு மிச்சமாகிறது.

பெரிய வேலைக்கு ஆவணம் கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும்: 1:100 அல்லது 1:50 அளவில் இப்போதைய நிலையின் வரைபடம், கதவு ஜன்னலுக்கு 1:10 விவரம், எந்தச் சுவரில் எவ்வளவு பழுது என்று வரைபடத்திலேயே குறித்த நிலை அறிக்கை, செய்முறைக் குறிப்பு. இவை இல்லாமல் அனுமதி கொடுத்தால் "முகப்பு காப்பாற்றப்படும்" என்று எழுதிவிட்டுப் பின்னால் முழுவதையும் பெயர்த்து, பழைய முகமூடி மாட்டிய கான்கிரீட் பெட்டியைக் கட்டுவார்கள். இதற்கு வழி விடுவது பட்டியல்தான். பெயர், தெரு, தரம் என்று ஒற்றை வரியில் பதிவு இருந்தால் எது பாதுகாக்கப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. இங்கிலாந்தில் பட்டியலில் ஏறினால் பொதுவாக உள்ளேயும் வெளியேயும் சேர்த்துத்தான் பாதுகாப்பு, 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே வளாகத்துக்குள் நிற்கிற பழைய கட்டுமானங்களும் அடக்கம். நியூயார்க்கில் உட்புறத்துக்குத் தனி அறிவிப்பு வேண்டும், அந்த அதிகாரமே 1973இல்தான் வந்தது. எந்த முறை வேண்டுமானாலும் இருக்கட்டும், தெளிவாக எழுதியிருக்க வேண்டும். படிக்கட்டு, தூண், தரை, கூரையின் உட்புறம் என்று பெயர் சொல்லி.

பட்டியலில் ஏறப்போகிற சமயம்தான் ஆகப் பெரிய ஆபத்து. லண்டனின் மேற்கே இருந்த ஃபயர்ஸ்டோன் தொழிற்சாலையை 1980 ஆகஸ்டில், விடுமுறை வார இறுதி பார்த்து இடித்தார்கள். பட்டியலில் சேர்க்கும் உத்தரவு வருவதற்குள் வேலை முடிந்தது. ஆகவே பரிசீலனை தொடங்கும் அன்றே தற்காலிகப் பாதுகாப்பு அமலாக வேண்டும். இங்கிலாந்துச் சட்டத்தில் இதற்கு ஆறு மாதம் செல்லுபடியாகும் தற்காலிகப் பாதுகாப்பு அறிவிப்பு உண்டு. நம் பக்கம் "ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும்" என்று வரைவுப் பட்டியலை வெளியிட்டு, இடைக்காலத் தடையை மட்டும் மறந்துவிடுவதுண்டு. எதை முதலில் இடிக்க வேண்டும் என்று நாமே லிஸ்ட் போட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

இன்னொரு ஓட்டை, "அபாயகரமான கட்டடம்" நோட்டீஸ். பாரம்பரியக் குழு ஒரு சட்டத்தின் கீழ், மாநகராட்சிப் பொறியாளர் இன்னொரு சட்டத்தின் கீழ். உரிமையாளர் பத்து வருடம் கூரையைப் பார்க்காமல் விட்டால் பொறியாளரே இடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுவார்! இதை அடைக்க இரண்டு பிரிவுகள் வேண்டும். ஒன்று, அபாய நோட்டீஸ் அன்றே குழுவுக்கும் போக வேண்டும். முட்டுக் கொடுத்தோ தற்காலிகக் கூரை போட்டோ ஆபத்தை நீக்க முடியாது என்று பழைய கட்டடங்களில் பழகிய பொறியாளர் எழுதிக் கொடுத்தால்தான் இடித்து இறக்கலாம், அதுவும் ஆபத்தான பகுதியை மட்டும். இரண்டு, பராமரிக்கும் கடமை. எந்தெந்தப் பழுது என்று பட்டியலிட்டு நோட்டீஸ், செய்யாவிட்டால் உள்ளாட்சியே செய்து செலவை வசூலிப்பது, அதற்கும் மசியாவிட்டால் கையகப்படுத்துவது. இங்கிலாந்தில் அவசரப் பணிக்கு ஏழு நாள் நோட்டீஸ் போதும். பழுதுபார்ப்பு நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் போனால் கையகப்படுத்தும் நடவடிக்கையைத் தொடங்கலாம். அதிகாரம் காகிதத்தில் இருந்தாலே பாதி வீடுகளுக்குச் சாரம் ஏறிவிடும்.

பணம் யார் கொடுப்பது? இது நியாயமான கேள்வி. பக்கத்து மனையில் பத்து மாடி, இவருக்கு மட்டும் ஒரு மாடி என்றால் அந்த இழப்பை ஊர் ஏற்க வேண்டும். மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை, அதாவது இங்கே கட்ட முடியாமல் போன தளப்பரப்பை வேறு மனையில் கட்ட விற்கிற உரிமை, அதற்குத்தான். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தலைமேல் கோபுரம் கட்ட விடவில்லை என்று போன வழக்கில் 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. அந்த உரிமையை வேறு மனைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் அப்போது கணக்கில் எடுத்துக்கொண்டது. நம்மூர் விதிகளில் இது சொதப்புவது இரண்டு இடத்தில். ஒன்று, உரிமைச் சான்றிதழை முன்கூட்டியே முழுதாகக் கொடுத்தால் விற்றுக் காசாக்கிவிட்டுக் கட்டடத்தைக் கைவிடுவார்கள். பழுதுபார்ப்பு முடிய முடியத் தவணையாகத்தான் தர வேண்டும், கடைசித் தவணை ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு. இரண்டு, உரிமையை வாங்கிக் கட்டும் பகுதியில் கூடுதல் தளப்பரப்பு ஏற்கெனவே சல்லிசாகக் கிடைக்கிறது என்றால் இந்தச் சான்றிதழை யாரும் சீண்ட மாட்டார்கள்.

வரியும் கவனிக்க வேண்டிய விஷயம். பிரிட்டனில் புதிதாக வீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம், பழைய வீட்டைப் பழுதுபார்த்தால் பொதுவாக 20 சதவீதம். பாரம்பரியத்துக்குப் பேர் போன நாட்டில் இப்படி. வாடகையும் அப்படியே. பழைய காலத்து வாடகையில் உறைந்துபோன வீட்டுக்கு யாரும் ஓடு மாற்ற மாட்டார்கள். வாடகைக் கட்டுப்பாட்டை ஒரே நாளில் தளர்த்தினாலும் ஆபத்து உண்டு. மலேசியாவில் 2000ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோது பினாங்கின் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளிலிருந்து குடித்தனக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள்.

தனிக் கட்டடத்தைவிடத் தெருவைக் காப்பது இன்னும் நுணுக்கமானது. பழைய தெருக்களில் வீடுகள் தெருக்கோட்டிலேயே, பக்கச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். கட்டட விதிகளோ முன்னால் இவ்வளவு, பக்கத்தில் இவ்வளவு செட்பேக் (காலியிடம்) விடு, கார் நிறுத்த இடம் விடு என்கின்றன. ஒரு வீடு இடிந்து புதிது எழும்போது அது சட்டப்படியே பின்வாங்கி நின்று, வரிசையில் பல் விழுந்த மாதிரி ஆகிவிடும். கீழ்த்தளம் கார் நிறுத்தமாகிவிடுவதால் திண்ணைக்கும் இடமில்லை. யாரும் விதியை மீறவில்லை, விதியைக் கடைப்பிடித்தே தெருவை அழித்தோம். பாரம்பரியத் தெருவுக்கு செட்பேக், பார்க்கிங் இரண்டிலும் விலக்கு கொடுத்து, தெருக்கோட்டில்தான் கட்ட வேண்டும் என்று திருப்பி எழுதுவதற்குப் பைசா செலவில்லை. என்னைக் கேட்டால் அலங்கார விளக்கு, கருங்கல் நடைபாதை எல்லாவற்றையும்விட இந்த ஒரு திருத்தம் மேல்.

காம்பஸால் வட்டம் போடுகிற முறையும் இதில் உதவாது. மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி என்று தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தம் வரையறுத்தது. தடைப் பகுதிக்குள் 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்க விண்ணப்பிக்கலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் இந்தச் சட்டம் பார்ப்பது சின்னத்தைத்தான். வட்டத்துக்குள் நிற்கிற நூறு வருட வீட்டுக்கு அதன் சொந்த மதிப்பு பற்றி அதில் எதுவும் கிடையாது. பிரான்சிலும் 1943லிருந்து 500 மீட்டர் வட்டம்தான், 2016 சட்டத்துக்குப் பிறகு இடத்துக்கேற்ற எல்லை வரைய அழுத்தம் கொடுக்கிறார்கள். இங்கே அப்படிப்பட்ட வீடுகளைக் காக்க வேண்டியது உள்ளூர் விதி. சென்னையின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலே, விளம்பரப் பலகைகள் பற்றிய வழக்கில் 2010இல் வந்த தீர்ப்பின் வழியாகத்தான் உருப்பெற்றது. 2012இல் நிறைவேறிய தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டப்படி ஆணையம் அமையப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. அத்தனை வடகிழக்குப் பருவமழையையும் அந்தக் கூரைகள் தனியாகத்தான் வாங்கிக்கொண்டன.

உங்கள் ஊர் வரைவு விதி கருத்துக் கேட்புக்கு வந்தால் "பாரம்பரியத்தைக் காப்போம்" என்று மனு எழுதாதீர்கள், அது கோப்பில் போய்த் தூங்கும். பிரிவு எண் போட்டுக் கேளுங்கள். அனுமதி தேவையில்லாத பழுதுகளின் பட்டியல் எங்கே? அபாய நோட்டீஸின் நகல் யாருக்குப் போகும்? செட்பேக் விலக்கு எந்தெந்தத் தெருவுக்கு, எத்தனையாம் எண்ணிலிருந்து எத்தனையாம் எண் வரை? விண்ணப்பத்துக்கு இத்தனை நாளில் பதில் வராவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு "தானாக அனுமதி" என்று பதில் இருந்தால், அது சிறு பழுதுகளுக்கு மட்டும்தான், இடிப்புக்கு இல்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.