மண்ணில் ஒரு விரலை வைத்தால் குறைந்தா போய்விடுவீர்கள்?

"மழைதான் பெய்கிறதே மேடம், தனியாக எதற்குத் தண்ணீர்?"

இப்படிக் கேட்டவர் எங்கள் குடியிருப்பின் தோட்ட ஒப்பந்ததாரர் அனுப்பிய மேற்பார்வையாளர். ஜூன் 5, சுற்றுச்சூழல் நாளன்று கைதட்டிப் படம் எடுத்து நட்ட செடிகள் வேர் பிடித்துவிட்டனவா என்று பார்க்க வந்தவர். தர்மபுரிப் பக்கத்துத் தமிழர். நட்ட மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விடும் பூமியிலிருந்து வந்த பிள்ளை இப்படிக் கேட்டதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

பெங்களூரின் ஜூன், ஜூலைத் தூறலைப் பற்றி இங்கே குடியிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டையை நனைக்கும், சாலையைச் சேறாக்கும், மேல்மண்ணைக் கறுக்க வைத்துவிட்டுப் போய்விடும். பின்னாலேயே காற்று. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். விரல் கனமுள்ள செண்பகக் கன்று என்ன செய்யும்? காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நர்சரியிலிருந்து கன்று வரும்போது வேரைச் சுற்றித் தாய்மண் ஒட்டியிருக்கும். அது ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சுலபத்தில் வாங்காது. ஊற்றுவதெல்லாம் ஓரமாக வழிந்து பக்கத்து மண்ணுக்குப் போகும். சுற்றிலும் சேறு, நடுவே வேர் மட்டும் வறட்சியில்.

இது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அந்தத் தம்பியோ செடிக்கு முன்னால் நின்றார், கைப்பேசியில் ஒரு படம், தாளில் ஒரு டிக், அடுத்த செடி. வரிசை முழுவதும் இப்படியே. ஒரு செடியின் முன்னாலும் குனியவில்லை. இலை தொங்குகிறதே என்றேன். "புதுச் செடி அப்படித்தான் மேடம், ஒரு மாதம் போகட்டும்." தண்ணீர் குறைந்தாலும் இலை தொங்கும், வேர் அழுகினாலும் இலை தொங்கும், எதுவென்று தொட்டுப் பாருங்கள் தம்பி என்றேன். மழையைக் காட்டினார். சுவரோரத்து இட்லிப்பூவைக் காட்டினேன். நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடமெல்லாம் மஞ்சள். "உரம் போட்டால் சரியாகிவிடும்" என்றார். அடியில் காரைத் துண்டும் ஓட்டுச் சில்லும் கிடக்கின்றன. சிமெண்டுச் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டிவிட்டால் இட்லிப்பூவால் இரும்புச்சத்தை எடுத்துக்கொள்ள முடியாது. கட்டட இடிபாட்டை அள்ளாமல், வேர்கூடப் பிடிக்காத செடிக்கு யூரியாவை வீசினால் அது கருகத்தான் செய்யும்.

அவர் நகர்ந்ததும் செண்பகத்தின் அடியில் நானே விரலை விட்டேன். இரண்டு அங்குலத்துக்குக் கீழே மாவு மாதிரி உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் தோண்டியபோது நகத்தில் ஏதோ வழுவழுப்பாகத் தட்டியது. கறுப்பு நர்சரிப் பை! பக்கவாட்டில் ஒரே ஒரு கீறல் போட்டு, அடிப்பக்கம் அப்படியே இருக்கக் குழியில் இறக்கி மண்ணை மூடியிருக்கிறார்கள். கீறலைப் பிரித்தால் உள்ளே வேர்கள் வெளியேற வழியில்லாமல் பையைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தன. நுனியெல்லாம் பழுப்பு. கூப்பிட்டுக் காட்டினேன்.

"வேர் கிழித்துக்கொண்டு வந்துவிடும் மேடம்."

இந்த வார்த்தையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தப் பையைக் கிழிக்க ஒரு பிளேடும் அரை நிமிடமும் போதும். அதைச் செய்யச் சம்பளம் வாங்கியவர்கள் செய்யாமல், கன்றின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

செயலாளரிடம் போனேன். "கவலைப்படாதீர்கள், செத்தால் மாற்றித் தருவார்கள், ஒப்பந்தத்திலேயே இருக்கிறது" என்றார். அங்கேதான் கோளாறு! செத்த செடிக்கு உத்தரவாதம் இருக்கிறது, உயிரோடிருக்கும் செடியைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை. மாற்றிக் கொடுப்பது மலிவு, குனிந்து பார்ப்பது செலவு என்றாகிவிட்ட பிறகு யார் குனியப் போகிறார்கள்? அந்தப் பையை எடுக்காமல் போனால் அடுத்த கன்றும் அதே குழியில் இப்படித்தான் சாகும்.

சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரியை மேலே ஏற்றிக் குடிக்கிற ஊர் இது. 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. இப்படிப்பட்ட ஊரில் வேருக்குப் போகாத ஒவ்வொரு குடம் தண்ணீரும் பாவம். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் பூங்காவில் மலர்க் கண்காட்சி என்றால் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் ஊரே வரிசையில் நிற்கிறது. பூவைப் பார்க்க மணிக்கணக்கில் நிற்பவர்களுக்குத் தங்கள் வாசலில் வாடும் கன்றைத் தொட்டுப் பார்க்கப் பொழுதில்லை. தண்டைக் குச்சியோடு சேர்த்து இறுக்கிய பிளாஸ்டிக் கயிறு பட்டையை வெட்டத் தொடங்கிவிட்டது. நாள்தோறும் அதைக் கடந்து எத்தனை பேர் நடைப்பயிற்சி போகிறார்கள்!

செண்பகத்தின் பையை நானே வெட்டி எடுத்துவிட்டேன். சுற்றிய வேர்களைப் பிரித்து, தாய்மண் ஊறும்வரை மெல்ல மெல்லத் தண்ணீர் விட்டு, கயிற்றைத் தளர்த்தி, மண்ணின் ஈரத்தைக் காக்கும் மூடாக்கைத் தண்டில் படாமல் பரப்பியிருக்கிறேன். பிழைக்க வேண்டும்.