வீட்டில்தானே இருக்கிறீர்கள், செலவென்ன என்று கேட்பவர்களுக்கு

கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் முடங்கிய காலத்தில், 2021 ஜூலையில் இதை எழுதுகிறேன். ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. "வீட்டிலேயேதானே இருக்கிறீர்கள், அப்படி என்ன பெரிய செலவு?" ஊரிலிருந்து போனில் பேசும் பெரியப்பா கேட்கிறார். சம்பளத்தில் கைவைத்த கணவரின் அலுவலகம் அதையே சுற்றறிக்கை மொழியில் சொல்கிறது. இரவு எட்டு மணி விவாதத்தில் உட்காரும் நிபுணர், மக்களிடம் சேமிப்பு கூடியிருக்கிறது என்று புன்னகையோடு அறிவிக்கிறார். பெட்ரோல் மிச்சம், பஸ் பாஸ் மிச்சம், ஓட்டல் இல்லை, தியேட்டர் இல்லை, கல்யாணம் காதுகுத்து என்று மொய் எழுதவும் வேண்டியதில்லை. ஆகவே நாங்களெல்லாம் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். இப்படிப் பேசுகிறவர்களில் ஒருவராவது தம் வீட்டு மளிகைச் சீட்டைத் தம் கையால் எழுதியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

2020 மார்ச் மாதத்துக்கு முன்பு அம்பத்தூரில் இருக்கும் எங்கள் வீட்டில் பகல் நேரத்தில் அடுப்பு எரியாது. கணவர் மதியச் சாப்பாட்டை அலுவலகக் கேன்டீனில் டோக்கன் கொடுத்துச் சாப்பிடுவார். இரண்டு வேளைத் தேநீரும் மாலையில் ஒரு சமோசாவும் அங்கேயே முடிந்துவிடும். பெரியவன் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தான். சின்னவளுக்கு ஒரு டப்பா சாதம் கட்டிக் கொடுத்தால் பள்ளி விட்டு வரும்வரை சமையலறைப் பக்கம் எனக்கு வேலையில்லை. மாமியார் இங்கே சில மாதம், நாத்தனார் வீட்டில் சில மாதம் என்று இருப்பவர். ஊரடங்கு வந்தது, எல்லாரும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, அந்தக் காலத்தில் அனைவரும் கண்முன் இருந்ததே பெரிய நிம்மதி. ஆனால் கேன்டீனிலும் விடுதியிலும் தேநீர்க் கடையிலும் பிரிந்து கிடந்த அத்தனை பேரின் சாப்பாட்டுச் செலவும், ஒரு பைசா குறையாமல், என் அடுப்படிக்கு இடம் மாறியது என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுக்க மறுக்கிறார்கள். செலவு குறைந்துவிட்டது என்கிறார்களே, உண்மையில் குறைந்தது அலுவலகத்தின் செலவு. கேன்டீன் மூடிக் கிடக்கிறது, ஏசி ஓடவில்லை, தேநீர் இயந்திரத்துக்குப் பால் வாங்க வேண்டியதில்லை. இவ்வளவையும் மிச்சம் பிடித்தவர்கள், "ஊழியர்கள் வீட்டிலிருந்தே பணிபுரிவதால்" என்று தொடங்கும் ஒரு வரியில் போக்குவரத்துப் படியையும் உணவுப் படியையும் சேர்த்து வெட்டினார்கள். வீட்டில் இருப்பவன் சாப்பிட மாட்டான் என்று எந்த மனிதவளத் துறை கண்டுபிடித்ததோ தெரியவில்லை.

வீட்டில் இருப்பவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். காலையில் இட்லியோ தோசையோ. பதினொரு மணிக்கு ஆன்லைன் வகுப்பின் இடைவேளையில் ஒரு தலை எட்டிப் பார்த்து, "அம்மா, சாப்பிட ஏதாவது இருக்கா?" என்று கேட்கும். மதியம் சாம்பார், ரசம், ஒரு பொரியல். நாலு மணிக்கு மறுபடியும் அதே தலை, அதே கேள்வி. இரவு மீண்டும் தோசை. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று போட்டு அரைத்த மாவு முன்பு வாரக் கடைசிவரை வரும். இப்போது பாத்திரம் காலியாகி, வாரத்தின் நடுவிலேயே கிரைண்டரைக் கழுவி மறுபடி ஊறப்போட வேண்டியிருக்கிறது. பத்தொன்பது வயதுப் பையன் தோசைக்கல் அருகில் நின்றுகொண்டு சாப்பிடும்போது எத்தனையாவது தோசை என்று எண்ணக் கூடாது, பெற்ற வயிறு அதற்கு இடம் கொடுக்காது. ஆனால் அடுத்த முறை கடையில் உளுந்தின் விலையைக் கேட்கும்போது அதே வயிறு பகீர் என்கிறது.

விலையாவது நின்ற இடத்தில் நின்றிருந்தால் நான் இவ்வளவு குமுறியிருக்க மாட்டேன். ஊரடங்குக்கு முன்பு நூறு ரூபாயை ஒட்டி வாங்கிய ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் 2021 ஜூலையில் நூற்றெழுபதைத் தாண்டி நின்றது. கடலை எண்ணெயை விலை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன், நல்லெண்ணெய் தீபாவளிக்குத்தான். நம் ஊர் அண்ணாச்சி கடையில் போன வாரம் நடந்தது இது. "அக்கா, எண்ணெய் மறுபடி ஏறியிருக்கு, பழைய ரேட்டுன்னு நினைச்சுடாதீங்க" என்றார். "போன தடவைதானே ஏத்துனீங்க அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு, "நானா ஏத்துறேன்? எனக்கே அப்படித்தான் வருது. வேணும்னா அரை லிட்டர் பாக்கெட் எடுத்துக்குங்க" என்று சொல்லி, கூட்டிக்கொண்டிருந்த துண்டுச் சீட்டில் பழைய தொகையை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார். அரை லிட்டராக இரண்டு பாக்கெட் வாங்கினால் ஒரு லிட்டரைவிட விலை கூடுதல் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையில் காசு குறைவாக இருப்பவர்தான் ஒவ்வொரு சொட்டுக்கும் அதிகம் கொடுக்கிறார் என்பதே சில்லறை வியாபாரத்தின் எழுதப்படாத சட்டம். விலை ஏறாதது போல் நடிக்கும் சாமான்கள் இன்னொரு ரகம். பிஸ்கட் பாக்கெட்டின் விலை அதே பத்து ரூபாய், உள்ளே இருக்கும் எடை மட்டும் இளைத்துக்கொண்டே போகிறது; பின்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால்தான் அந்த உண்மை தெரியும்.

எண்ணெய் ஏன் ஏறியது என்று கேட்டால் உலகச் சந்தையைக் கைகாட்டுகிறார்கள். உண்மைதான், நாம் பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் நூற்றுக்கு அறுபது அளவுக்கு வெளிநாட்டிலிருந்தே வருகிறது: பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து, சூரியகாந்தி எண்ணெய் உக்ரைன், ரஷ்யப் பக்கத்திலிருந்து. அங்கே விளைச்சல் குறைந்தது, மலேசியத் தோட்டங்களில் ஆள் கிடைக்கவில்லை. அதெல்லாம் சரி. ஆனால் அந்த எண்ணெய் நம் துறைமுகத்தில் இறங்கும்போது அதன் தலையில் ஏற்றப்படும் இறக்குமதி வரி மலேசியாவிலா முடிவானது? விலை உச்சிக்குப் போய் மாதக்கணக்கான பின், 2021 ஜூன் கடைசியில்தான் கச்சா (சுத்திகரிக்காத) பாமாயிலுக்கு வரியில் ஒரு சிறு பகுதியைக் குறைத்தார்கள். அந்தக் குறைப்பு ஜூலையிலும் எங்கள் அண்ணாச்சியின் கடை வாசலை எட்டவில்லை. ஏறும்போது இரவோடிரவாக வந்து சேரும் செய்தி, இறங்கும்போது மட்டும் மாட்டுவண்டியில் வருகிறது.

டீசல் கதை இன்னும் மோசம். 2020 மே மாதம், உலகமே ஊரடங்கில் கிடந்து கச்சா எண்ணெய் சீந்துவாரின்றி விழுந்திருந்த நேரத்தில், அந்த லாபம் மக்களுக்கு வரட்டும் என்று எந்த அரசும் நினைக்கவில்லை. மத்திய அரசு ஒரே இரவில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கலால் வரியை ஏற்றியது. அதற்கு முந்தைய நாட்களில்தான் தமிழ்நாடு அரசும் பெட்ரோலுக்கு 3.25 ரூபாய், டீசலுக்கு 2.50 ரூபாய் என்று தன் பங்கைக் கூட்டியிருந்தது. கச்சா எண்ணெய் மறுபடி ஏறியபோது அந்த வரி இறங்கவில்லை. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் நூறைத் தாண்டிவிட்டது. வண்டியை வெளியே எடுக்காதவருக்கு இதில் என்ன நட்டம் என்று கேட்கும் அறிவாளிகள், ஒட்டன்சத்திரத்துத் தக்காளியும் நாசிக் வெங்காயமும் நடந்தா சென்னைக்கு வருகின்றன என்று யோசித்துப் பார்க்கட்டும். லாரி வாடகை ஏறினால் கத்தரிக்காய் ஏறும். கத்தரிக்காய் ஏறினால் வீட்டில் இருக்கும் நான்தான் கொடுக்கிறேன். இதில் விளைவித்தவருக்காவது ஏதேனும் போய்ச் சேர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாது என்று தக்காளியைச் செடியிலேயே விட்டவர்களையும் சாலையோரம் கொட்டியவர்களையும் இதே ஊரடங்குக் காலத்தில்தான் செய்தியில் பார்த்தோம்.

காய்கறிக்காக இந்த நகரம் பட்ட பாட்டைத் தனியாகவே எழுதலாம். 2020 ஏப்ரல் 26 முதல் நாலு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும் முந்தைய நாள் கடைகளில் நின்ற கூட்டத்தை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது. தொற்றைத் தடுக்கிறேன் என்று சொல்லி அத்தனை பேரையும் ஒரே பகலில் ஒரே சந்துக்குள் தள்ளியதற்கு என்ன பெயர் வைப்பது? அடுத்த சில நாட்களில் சென்னையின் பெரிய மொத்தச் சந்தையான கோயம்பேட்டில் தொற்று பரவி, மே முதல் வாரத்தில் சந்தையை மூடி, மொத்தக் காய்கறி வியாபாரத்தை நகருக்கு வெளியே திருமழிசைக்குக் கொண்டுபோனார்கள். மாற்றியதில் தவறு காணவில்லை. ஆனால் அந்தக் கூடுதல் தூரத்தின் வாடகை, மழையில் நனைந்து அழுகியதன் நட்டம், இடையில் ஒரு கை கூடியதன் லாபம் எல்லாம் எங்கள் தெருவுக்கு வரும் தள்ளுவண்டியின் தராசில்தான் வந்து விழுந்தன. அந்த வருட அக்டோபரில் வெங்காயம் நூறைத் தொட்டது. அரசு தன் கூட்டுறவுப் பண்ணைப் பசுமைக் கடைகளில் கிலோ 45 ரூபாய்க்கு விற்றது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் நோய்ப் பயத்தில் தெருவைத் தாண்டாத குடும்பத்துக்கு அந்தக் கடை எட்டாக் கனிதான்.

இதற்கிடையில் புள்ளிவிவரக்காரர்களின் கூத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். விலை தாறுமாறாக ஆடிய 2020 ஏப்ரல், மே மாதங்களில், கடைகளுக்குப் போய் விலை சேகரிக்க முடியவில்லை என்று சொல்லி, மக்கள் வாங்கும் பொருள்களின் விலையேற்றத்தை அளக்கும் நுகர்வோர் விலைக் குறியீட்டின் மொத்த எண்ணையே அந்த மாதங்களில் வெளியிடவில்லை. எங்களை மிகவும் அடித்த மாதங்களுக்கு அடையாளமே இல்லாமல் போயிற்று. வெளியிடும் எண்ணும் யாருடைய வீட்டுக்கானது என்று தெரியவில்லை. நகரத்துக் குடும்பத்தின் செலவில் உணவின் பங்கு நூற்றுக்கு 36 என்பதே 2021இல் அந்தக் குறியீட்டுக்கு அடிப்படையாக இருந்தது; அது 2011-12ஆம் ஆண்டின் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது. சம்பளம் குறைந்து சாப்பாட்டு வேளைகள் கூடிய ஒரு வீட்டில், வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சுவது முழுவதும் வயிற்றுக்கே போகிறது என்பதை அந்தப் பழைய தராசு எப்படிக் காட்டும்? அப்படியிருந்தும் 2021 ஜூன் மாதத்துக் குறியீட்டில் எண்ணெய், கொழுப்பு வகைகளின் விலை ஒரே வருடத்தில் நூற்றுக்கு 34க்கும் மேல் ஏறியிருப்பதை மறைக்க முடியவில்லை.

பருப்பு விஷயத்தில் நடந்தது வேறு. எவ்வளவு வேண்டுமானாலும் இருப்பு வைத்துக்கொள்ளலாம் என்று பருப்பு, எண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்க 2020 செப்டம்பரில் அத்தியாவசியப் பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். கெடாத பொருளுக்கு விலை பாதிக்கு மேல் ஏறினால்தான் அரசு தலையிடும் என்றது அந்தத் திருத்தம். உச்ச நீதிமன்றம் தடை விதித்ததால் அது நின்றது. பிறகு விலை கைமீறிப் போனதும், 2021 ஜூலை 2ஆம் தேதி, பாசிப்பருப்பு நீங்கலாக மற்றப் பருப்புகளுக்கு மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன் என்று இருப்பு வரம்பு போட்டார்கள். எங்கள் அண்ணாச்சி ஐந்து டன் பருப்பை ஒரே இடத்தில் கண்ணால் பார்த்திருப்பாரா என்பதே ஐயம்.

எரிவாயுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பரில் சென்னையில் 610 ரூபாயாக இருந்த சிலிண்டர் 2021 ஜூலையில் 850 ரூபாய் 50 காசு ஆனது. மானியம் என்று வங்கிக் கணக்கில் விழுந்தது, விழுந்திருந்தால், பெயருக்குச் சில ரூபாய். நாள் முழுக்க அடுப்பு எரிவதால் சிலிண்டரும் முன்னைப்போல் நீடிப்பதில்லை. விலை குறைந்த ஒரே பொருள் என்று தேடினால், 2021 மே மாதத்தில் லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்த ஆவின் பால்தான் கண்ணில் படுகிறது. அந்த மூன்று ரூபாயை டீத்தூள் வாங்கிக்கொண்டது.

ஆனாலும் என் குமுறலைவிடப் பெரிய குமுறல் எங்கள் தெருக்கோடி வீட்டில் இருக்கிறது. வீட்டு வேலைக்குப் போகும் அந்தப் பெண்ணின் இரண்டு பிள்ளைகளும் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறார்கள். பள்ளி இருந்தவரை மதியம் சூடான சாப்பாடும், படிக்கிற நாளெல்லாம் ஒரு முட்டையும் அந்தப் பிள்ளைகளுக்கு நிச்சயம். பள்ளி மூடியதும் அரிசியும் பருப்பும் பையில் கொடுத்தார்கள்; ஆனால் அதை வேகவைக்கும் எரிவாயுவும் தாளிக்கும் எண்ணெயும் தாயின் தலையில். அவருக்கோ வேலைக்குப் போன வீடுகள், நோய்க்குப் பயந்து, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டன. சத்துணவு என்பது அந்தக் குடும்பத்தின் மாதச் செலவில் எவ்வளவு பெரிய பங்கைச் சத்தமில்லாமல் சுமந்துகொண்டிருந்தது என்பதை, பள்ளி மூடிய பிறகுதான் நானே உணர்ந்தேன். அவரிடம் போய் யாராவது, வீட்டில்தானே இருக்கிறாய் என்று சொல்லிப் பார்க்கட்டும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2020இல் ஆயிரம் ரூபாய் வந்தது, ரேஷனில் விலையில்லாமல் சாமான் வந்தது. 2021 மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாக நாலாயிரம் ரூபாயும் பதினாலு மளிகைப் பொருள்கள் அடங்கிய பையும் வந்தன. வாங்கினோம், பயன்படுத்தினோம். ஆனால் மாதாமாதம் ஏறும் விலைக்கு ஒருமுறை வரும் பை எத்தனை நாள் ஈடுகொடுக்கும்? ரேஷனில் 30 ரூபாய்ப் பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் கிடைப்பது இந்த மாநிலத்துக்கே பெருமை. ஆனால் வீட்டில் இரண்டு பேர் இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும் அட்டைக்கு ஒரு கிலோ, ஒரு லிட்டர்தான்.

ஆகவே எனக்கு யாருடைய சிக்கன உபதேசமும் தேவையில்லை. மாடியில் கத்தரிச் செடி வையுங்கள், அப்பளத்தைப் பொரிக்காமல் சுடுங்கள் என்று சொல்ல வருகிறவர்களுக்கு, நாங்கள் அப்பளத்தைச் சுட ஆரம்பித்து வெகுகாலம் ஆயிற்று என்று தெரிவித்துக்கொள்கிறேன். பள்ளிகள் திறக்கும்வரையாவது பாமாயிலையும் பருப்பையும் ஆளுக்கு ஏற்பக் கூட்டிக் கொடுங்கள். டீசலில் ஏற்றிய வரியை இறக்குங்கள். கணவரின் அலுவலகமோ, டிசம்பர்வரை வீட்டிலிருந்தே வேலை என்று நேற்று அடுத்த சுற்றறிக்கையை அனுப்பியிருக்கிறது. மூடிக் கிடக்கும் கேன்டீனில் மிச்சமாகும் பணத்தைச் சம்பளச் சீட்டில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு, அதன் பிறகு எத்தனை சுற்றறிக்கை வேண்டுமானாலும் அனுப்பட்டும்.