ஜாலான் அம்பாங்கில் ஒரு பழைய நாடாளுமன்றம்

சித்தப்பா மகன் காரைக்குடியிலிருந்து வந்திருக்கிறான். இரட்டைக் கோபுரம் ஆயிற்று, கெந்திங் ஆயிற்று. நேற்றுக் காலை பசியாறிக்கொண்டிருந்தபோது கேட்டான்: "டெல்லியில பழைய பார்லிமெண்ட்டை விட்டுட்டுப் புதுசுக்குப் போயிட்டாங்க அண்ணே. உங்க ஊர்ல பழசுன்னு ஒண்ணு உண்டா?"

நான் இந்தக் கோலாலம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன். எத்தனையோ விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறேன். இப்படி ஒருவரும் கேட்டதில்லை, நானாகச் சொன்னதும் இல்லை.

புக்கிட் நானாஸ் மோனோரயில் நிலையத்தில் இறங்கி, வெயிலில் நடந்து, ஜாலான் அம்பாங்கில் அந்த வெள்ளைக் கட்டடத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். முகப்புத் தூணைத் தட்டிப் பார்த்தான். "இதுவா? எங்க ஊர்ல செட்டியார் வீடே இதைவிடப் பெருசா இருக்குமே!"

தப்பாகச் சொல்லவில்லை. இதுவும் ஒரு முதலாளி வீடுதான். ஈயத்திலும் ரப்பரிலும் சம்பாதித்த இயூ தோங் சென் 1935-இல் கட்டியது. நாம் பேரங்காடிகளில் பார்க்கிற இயூ யான் சாங் மருந்துக்கடை இருக்கிறதே, அதை அவருடைய அப்பா கோப்பெங்கில் ஆரம்பித்தார். (காரைக்குடிக்காரனுக்காக இன்னொன்றும் சொன்னேன்: வட்டித்தொழில் செய்த செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த லெபோ அம்பாங் இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை.) போர்க்காலத்தில் ஜப்பான் ராணுவம் இந்த வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. 1959 செப்டம்பரில் சுதந்திர மலாயாவின் முதல் நாடாளுமன்றம் கூடியது இங்கேதான், துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில். 1963 நவம்பரில் இப்போதைய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. இன்று இது சுற்றுலா மையம்.

அந்த முதல் மக்களவையில் 104 பேர். சுங்கை சிப்புட்டிலிருந்து துன் சம்பந்தன், அமைச்சராக. ஈப்போவிலிருந்து டி.ஆர். சீனிவாசகம், எதிர்க்கட்சியில். பங்சாரிலிருந்து தொழிற்சங்கவாதி வி. டேவிட். இன்றைக்கு நம் பிள்ளைகளுக்குச் சம்பந்தன் என்றால் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாலை, சீனிவாசகம் என்றால் ஈப்போவில் ஒரு பூங்கா. சாலையில் நெரிசல், பூங்காவில் ஓட்டப்பயிற்சி. அவ்வளவுதான் ஞாபகம்.

எனக்கு டேவிட்தான் மனத்தில் நிற்கிறார். 1960-இல், கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காகப் போட்டிருந்த அவசரகாலம் முடிகிற நேரத்தில், விசாரணை இல்லாமல் ஆளை உள்ளே வைக்க வழிசெய்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை இந்த நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நாம் 'இசா' என்று சொல்வோமே, அதேதான். அப்போது அவர் இந்த மக்களவையின் உறுப்பினர். 27 வருஷம் கழித்து, 1987-இல், லாலாங் நடவடிக்கை என்ற பெரிய கைது வேட்டையின்போது அதே சட்டத்தில் அவரையே பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போதும் அவர் நாடாளுமன்ற உறுப்பினர். இசா ஒழிந்தது 2012-இல்.

இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இதே ஹால்லயா?" என்றான்.

இங்கே நான் குறை சொல்வது நம்மைத்தான். "நம்மவர்கள் நாடாளுமன்றத்தில் ஒருநாளாவது வாயைத் திறந்திருக்கிறார்களா?" என்று வாட்சப்பில் மாதம் ஒரு முறையாவது ஒரு செய்தி சுற்றிக்கொண்டு வருகிறது. நானே இரண்டு மூன்று தடவை அனுப்பியிருக்கிறேன், மறைப்பானேன். 1959 முதல் அவையில் யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் நாடாளுமன்ற இணையத்தளத்திலேயே இருக்கிறது. மலாயிலும் ஆங்கிலத்திலும்தான், ஆனால் நம்மில் யாருக்கு அது தெரியாது? பழைய தட்டச்சு, கண் வலிக்கும். நேற்று ராத்திரி திறந்துவிட்டு மணி ஒன்று வரை மூட முடியவில்லை. பேசியிருக்கிறார்கள் ஐயா. அதிலும் சீனிவாசகம் எழுந்தால் எதிரே இருந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. அவர்களோடு நமக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது வேறு கதை.

ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. தொழிலாளிகளே தோட்டம் வாங்கிக்கொள்ள, அவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்த்து சம்பந்தன் நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் 1960-இல்தான். கூட்டம் முடிந்து இந்தப் படியில் இறங்கியவர் அடுத்துத் தோட்டத்துக்குப் போய்ப் பேசியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இனி ஊரிலிருந்து யார் வந்தாலும் காலையில் முதலில் ஜாலான் அம்பாங். பத்துமலைப் படி 272-உம் எங்கேயும் போய்விடாது, சாயங்காலம் வெயில் தாழ ஏறிக்கொள்ளலாம்.