ஒரே மொழிதான் தெரியும் என்றால் குற்றமா?

வேலைக்கான நேர்காணலுக்குப் போன ஒரு பையனுக்கு, கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் மொழிகளில் பைத்தான் ஒன்றுதான் தெரியும். "பைத்தான் மட்டும்தானா?" என்று கேட்டு அந்தப் பையனை அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை. அந்த ஒரு மொழியில் அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே!

எத்தனையோ இருக்கிறது கேட்க. ஃபங்ஷனில் (பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் கோட் துண்டு) காலி லிஸ்டை டீஃபால்ட்டாக, அதாவது நாம் எதுவும் தராவிட்டால் அதுவே எடுத்துக்கொள்ளும் மதிப்பாக வைத்து, லிஸ்ட் எதுவும் தராமல் இரண்டு தடவை கூப்பிட்டால், முதல் தடவை சேர்த்தது இரண்டாம் தடவையும் அதிலேயே இருக்கும். காரணம், அந்த லிஸ்ட் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகப் பிறப்பதில்லை. ஃபங்ஷனை வரையறுக்கும் டெஃப் வரி ஓடும்போது ஒரே முறைதான் உருவாகிறது. லிஸ்டை ஃபங்ஷனுக்கு உள்ளே உருவாக்கினால் தீர்ந்தது. பத்து மொழியில் ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பச் செய்ய வைக்கும் அடிப்படை வரி) மட்டும் எழுதிப் பழகியவருக்கு, கடைக்கு பில் போடும் புரோகிராமில் ஒருவர் பில்லில் இன்னொருவர் வாங்கிய பொருள் ஏறிய பிறகுதான் இது தெரியவரும்.

அல்லது இதைக் கேட்டிருக்கலாம்: 1 லட்சம் எண்களை இன்னொரு 1 லட்சம் எண்கள் உள்ள லிஸ்டில் ஒவ்வொன்றாகத் தேடினால் ஒப்பீடு 1000 கோடி வரை போகும். அந்த லிஸ்டை செட்டாக, அதாவது ஒவ்வொன்றாகப் பார்க்காமல் நேராகத் தேட முடிகிற தொகுப்பாக மாற்ற ஒரு வரி போதும், ஏறக்குறைய 1 லட்சம் தேடலில் வேலை முடியும். இந்த அறிவு ஜாவா போன்ற வேறு மொழிக்குப் போனாலும் கூடவே வரும். ஒன்றை ஆழமாகப் படி என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

"ஜாவாஸ்கிரிப்ட் தெரியாமல் பிரவுசரில் என்ன செய்வான்?" என்பீர்கள். நியாயம்தான். டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்க எஸ்கியூஎல்லும் வேண்டும். தேவை வரும்போது படித்துக்கொள்வான்.

"மொழிகள் மாறிக்கொண்டே இருக்கும், ஒன்றையே நம்பாதே" என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பைத்தான் வெளிவந்தது 1991ல். சி மொழி அதற்கும் மூத்தது, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் பெரும்பகுதி இன்றைக்கும் சிதான். பைத்தான் 2ஆம் பதிப்பிலிருந்து 3ஆம் பதிப்புக்கு மாறியபோது 5ஐ 2ஆல் வகுத்தால் 2 என்று வந்த இடத்தில் 2.5 வந்தது. எரர் எதுவும் காட்டாது, கணக்கு மட்டும் மாறியிருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய அந்த மொழியை உள்ளும் புறமும் தெரிந்த ஆள்தானே வேண்டும்?

மூன்று மாதத்தில் எட்டு மொழி என்று பயிற்சி மையக்காரர்கள் போஸ்டர் ஒட்டுகிறார்கள். நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார்கள் பெற்றவர்கள். எட்டிலும் முதல் இரண்டு பாடத்தைத் தாண்டுவதற்குள் மூன்று மாதம் முடிந்துவிடும்.

ஒரு மொழியோடு பொறுமையாக உட்கார்ந்தவன் அந்தப் பையன். அடுத்த நேர்காணலுக்கு ரெஸ்யூமில் ஒன்பது மொழிகளை எழுதிக்கொண்டு போவான்.