ஐபேட் மினியை மாத்துறதா? முதல்ல ஒரு போட்டோ கொப்பி எடுங்க

மாமாங்கத் தீர்த்தத்துக்கும் டிசம்பர் லீவுக்கும் வெளிநாட்டுச் சொந்தங்கள் ஊருக்கு வரும்போது தவறாமல் வருகிற கேள்வி இது: "பிள்ளைக்கு மினி 5 இருக்கு, இல்லாட்டி மினி 6 இருக்கு, புதுசு கொண்டு வரச் சொல்லட்டா?" மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் நிறைய வீடுகளில் சின்ன டெப் வாங்கியதே உயர்தரம் படிக்கிற பிள்ளைக்காகத்தான். அந்த வீடுகளை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். மினி 6 வைத்திருப்பவர்கள் மினி 7க்கு மாறத் தேவையில்லை. மினி 5 வைத்திருப்பவர்கள் பற்றரியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பாஸ் பேப்பர் வாசிக்கக் கஷ்டம் என்பதுதான் மாற்றுவதற்குக் காரணம் என்றால், எந்த மினியும் அதைத் தீர்க்காது.

ஏன் என்று அளந்து பார்ப்போம். மினி 5க்கு 7.9 அங்குல ஸ்கிரீன், மினி 6க்கும் 7க்கும் 8.3 அங்குலம். கேட்க பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளக்கிற கணக்கு. புதிய மினி நீளமாக வளர்ந்ததே தவிர அகலத்தில் கூடவில்லை. நிமிர்த்திப் பிடித்தால் மினி 5இன் அகலம் 12 சென்ரிமீற்றர், மினி 6, 7இன் அகலம் 11.6 சென்ரிமீற்றர். பழையதுதான் ஒரு நூல் அகலம்! ஏ4 தாள் 21 சென்ரிமீற்றர். பிடிஎஃப் பக்கத்தை அகலத்துக்கு முட்ட வைத்தால் மினி 5இல் 57 வீதமாகவும், மினி 6, 7இல் 55 வீதமாகவும் சுருங்கும். 12 புள்ளி (பொயின்ட்) அளவு எழுத்து ஆறரைப் புள்ளிக்கு இறங்கிவிடும்.

இதைக் கடையில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்துக் கொமினிக்கேஷனில் ஒரு பௌதிகவியல் வினாத்தாளை 55 வீதத்துக்குச் சுருக்கி ஒரு போட்டோ கொப்பி, 75 வீதத்துக்குச் சுருக்கி இன்னொரு போட்டோ கொப்பி எடுங்கள். இரண்டையும் பிள்ளையிடம் கொடுத்து, மேசையில் வைத்து அரை மணித்தியாலம் கேள்வி செய்யச் சொல்லுங்கள். முதலாவது மினியில் தெரிகிற அளவு. இரண்டாவது, 2025இல் வந்த ஏ16 சிப் போட்ட சாதாரண ஐபேட்டில் தெரிகிற அளவு. அதன் ஸ்கிரீன் அகலம் 15.8 சென்ரிமீற்றர். அமெரிக்க விலையில் அது 349 டொலர், மினி 7 499 டொலர், இரண்டுக்கும் 128 ஜிபி. அதாவது வாசிக்க வசதியானதுதான் 150 டொலர் மலிவு. பாரம் மட்டும் கூட: மினி 293 கிராம், அது 477 கிராம். மேசையில் வைத்துப் படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பாரம் ஒரு பொருட்டே இல்லை.

"சரித்துப் பிடிச்சா பெருசாத் தெரியுமே" என்பார்கள். உண்மைதான். மினி 6, 7ஐச் சரித்தால் பக்கம் 84 வீத அளவில் தெரியும், மினி 5இல் 76 வீதம். இந்த இடத்தில் புதியதற்குத்தான் வெற்றி. ஆனால் அப்போது ஒரு தடவையில் பக்கத்தின் பாதிகூடத் தெரியாது. சுற்றுப்படம் மேலே, அதற்கான கேள்வி கீழே என்று பிரிந்து, பிள்ளை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருக்கும். கணக்குச் செய்கிற நேரத்தில் அது பெரிய இடைஞ்சல்.

சாம்சங் சின்ன டெப்களையும் இங்கேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மூரில் கூடுதலாக இருப்பது அவைதான். 2021இல் வந்த டெப் ஏ7 லைட், 2023இல் வந்த டெப் ஏ9 இரண்டுக்கும் 8.7 அங்குலம், இரண்டுக்கும் அகலத்தில் வெறும் 800 பிக்சல் (ஸ்கிரீனில் படத்தை உருவாக்குகிற சின்னச் சின்ன ஒளிக்கட்டம்). ஏ4 பக்கம் முழுவதும் அந்த 800க்குள் அடங்க வேண்டும். மினி 6இல் அதே அகலத்துக்கு 1488 பிக்சல். ஆங்கிலம் என்றால் சமாளிக்கலாம். தமிழில் முதலில் அடிபடுவது மெய்யெழுத்தின் புள்ளி. ஸ்கேன் பண்ணிய பேப்பரில் அந்தப் புள்ளி ஒன்றிரண்டு பிக்சலுக்குள் நசிந்து, "ன்" எது "ன" எது என்று ஊகித்து வாசிக்கிற நிலை வரும். இரசாயனவியல் சமன்பாட்டில் கீழே சின்னதாகப் போடுகிற 2, 3உம் அப்படித்தான். ஏ7 லைட்டை ஏ9க்கு மாற்றினால் வேகம் நன்றாகவே கூடும், ஹீலியோ ஜி99 சிப் அதற்குரியதுதான். எழுத்து ஒரு துளிகூடத் தெளிவாகாது. (வட்ஸ்அப்பில் பேப்பரைப் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கி இன்னும் மங்கலாக்கும். டொக்கியூமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.) ஆனாலும் 3 ஜிபி ராம் (திறந்திருக்கிற வேலைகளைத் தாங்குகிற நினைவகம்), 32 ஜிபி ஸ்டோரேஜ் உள்ள ஏ7 லைட் வைத்திருப்பவர்கள் மாற்றத்தான் வேண்டும். சூம் வகுப்பும் பிடிஎஃப்பும் ஒன்றாகத் திறந்தால் அதற்கு மூச்சு முட்டும். எடுப்பதென்றால் பெரிய ஸ்கிரீனாக எடுங்கள்.

சரி, மினி 7இல் உண்மையில் என்ன புதிது? ராம் 8 ஜிபி. மினி 5இல் 3, மினி 6இல் 4. மினி 5 வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் கையில் தெரியும்: நோட்ஸ் எழுதிவிட்டுத் திரும்பி வரும்போது சஃபாரி பக்கம் மறுபடி முதலில் இருந்து லோட் ஆகாது. மினி 6 ஆட்களுக்கு அவ்வளவு தெரியாது. அப்பிள் இன்டெலிஜென்ஸ் என்கிற செயற்கை நுண்ணறிவு வசதி இந்த மூன்றில் மினி 7இல் மட்டும் ஓடும், ஆனால் அதன் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழ் மீடியப் பிள்ளைக்கு அதற்காகக் காசு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்கிரீனில் எழுதுகிற அப்பிள் பென்சில் விசயத்தில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். மினி 5க்கு முதலாம் தலைமுறைப் பென்சில், மினி 6க்கு இரண்டாம் தலைமுறை, மினி 7க்கு பென்சில் புரோ. மினி 6உடன் வாங்கிய இரண்டாம் தலைமுறைப் பென்சில் மினி 7இன் விளிம்பில் ஒட்டினாலும் வேலை செய்யாது. புரோ 129 டொலர். யூஎஸ்பி-சி பென்சில் மினி 6, 7 இரண்டுக்கும் சரிவரும், ஆனால் அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்காது. கணக்குச் செய்ய, குறிப்பு எழுத அதுவே காணும். கவர் மட்டும் மினி 6இனுடையது மினி 7க்கு அப்படியே பொருந்தும்.

இனி பற்றரி. "டெப் பழசாகிட்டு" என்று சொல்கிறவர்களில் பலருக்குப் பழசானது பற்றரி மட்டும்தான். மினி 7இன் செட்டிங்ஸில் பற்றரியின் நிலை தெரியும், மினி 5, 6இல் காட்டாது. கம்பியூட்டரில் 3யூடூல்ஸ் என்கிற மென்பொருளைப் போட்டு, கேபிளால் தொடுத்தால் எத்தனை சுற்று சார்ஜ் ஏறியது, கொள்ளளவு எத்தனை வீதம் மிச்சம் என்று வரும். அப்பிளின் கணக்குப்படி ஐபேட் பற்றரி 1000 சுற்றில் 80 வீதம் வைத்திருக்க வேண்டும். 80க்குக் கீழே என்றால் பற்றரியை மாற்றுங்கள். 90க்கு மேல் இருந்தும் இழுபடுகிறதென்றால் ஸ்டோரேஜைப் பாருங்கள். 64 ஜிபியில் ஒரு ஜிபிதான் மிச்சம் என்றால் எந்த டெப்பும் இழுபடும். ரெக்கோர்ட் பண்ணிய வகுப்பு வீடியோக்களை அழித்து, 8 ஜிபியாவது காலியாக விட்டுப் பாருங்கள்.

பற்றரி மாற்றக் கொடுக்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். மினி 4இலிருந்து கண்ணாடியும் டிஸ்பிளேயும் ஒன்றாக ஒட்டியவை. விளிம்பைச் சூடாக்கிப் பசையை இளக்கி, ஸ்கிரீனைக் கிளப்பித்தான் உள்ளே போக வேண்டும். அவசரப்பட்டு நெம்பினால் கண்ணாடி வெடிக்கும், முழு டிஸ்பிளேயும் போகும். மினி 5இல் ஹோம் பட்டனின் கேபிள் அறுந்தால் கைரேகை அந்த மெசினுக்கு அத்தோடு முடிந்தது, வேறு பட்டன் போட்டாலும் எடுக்காது. ஏனென்றால் அந்தப் பட்டன் போர்டோடு சோடி சேர்த்தது. ஆகவே "ஸ்கிரீன் வெடிச்சா யார் பொறுப்பு?" என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கிவிட்டுக் கொடுங்கள். ஸ்கிரீனின் ஓரம் ஒரு பக்கம் கிளம்பி நிற்கிறதென்றால் பற்றரி ஊதியிருக்கிறது. அதை இனிச் சார்ஜில் போடவே வேண்டாம்.

நம்மூர் வெயிலும் இதில் சேர்த்தி. ஐபேட் பாவிக்க அப்பிள் சொல்கிற உச்ச வெப்பநிலை 35 பாகை. பகலில் தகரக் கூரையின் கீழ், மெத்தையில் வைத்து, தடித்த கவரோடு சார்ஜ் போட்டால் அதைத் தாண்டிவிடும். பற்றரியின் ஆயுள் அங்கேதான் கரைகிறது. சார்ஜ் போடும்போது கவரைக் கழற்றி, சீமெந்துத் தரையிலோ மேசையிலோ வையுங்கள்.

மினி 4உம் அதற்கு முந்தியவையும் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மினி 4 ஐபேட்ஓஎஸ் (ஐபேட்டை இயக்குகிற மென்பொருள்) 15உடன் நின்றுவிட்டது, அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். மினி 5க்கு ஐபேட்ஓஎஸ் 26 வரை கிடைக்கிறது.

வெளிநாட்டிலிருந்து பாவித்தது வருகிறதென்றால், அனுப்புகிறவரை அங்கேயே முழுவதும் அழித்து, வைஃபையில் தொடுத்து, ஆரம்பத் திரை வரை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய அப்பிள் ஐடி கேட்டால் அவரே கழற்றித் தரலாம். "ரிமோட் மனேஜ்மென்ட்" என்று வந்தால் அது பாடசாலையினதோ கம்பனியினதோ பட்டியலில் இருக்கிற மெசின். அவர்கள் விடுவித்தால் ஒழிய எந்தக் கடையாலும் ஒழுங்காகத் திறக்க முடியாது, வாங்கவே வேண்டாம். சிம் போடுகிற மொடல் என்றால் இன்னும் இரண்டு விசயம். மினி 7க்குச் சிம் தட்டே இல்லை, மெசினுக்குள்ளேயே பதிகிற இ-சிம் மட்டும்தான். மற்றது, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் பதிவு. ஆங்கிலத்தில் ஐஎம்இஐ (IMEI) என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த மெசினின் அடையாள எண்ணான 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சிக்கல் எதுவும் வேண்டாம் என்றால் வைஃபை மொடலையே கேளுங்கள். போனில் ஹொட்ஸ்பொட் போட்டால் சூம் வகுப்பு தாராளமாக ஓடும்.